அடுக்கும் அளவும்

வானளாவ உயர்ந்து நிற்கும் மாடிக் கட்டடத்தைக் காண்போர் அதன் அழகினை வியப்பர். அவ்வழகினைத் தாங்கி நிற்கும் எண்களை நினைப்பவர் சிலரே. கட்டடம் மண்ணில் எழுமுன் வரைபடத்தில் எழவேண்டும். முன்னாளில் தாளில் நிகழ்ந்த அப்பணி இந்நாளில் பெரிதும் கணினித் திரையில் நிகழ்கின்றது. 1985-ஆம் ஆண்டில் மினிகேட் என்னும் பெயரோடு தோன்றி, 1999-இல் வெக்டர்வொர்க்ஸ் எனப் பெயர் மாறிய மென்பொருள் அப்பணிக்குரிய கருவிகளுள் ஒன்றாகும்.

இக்கருவியில் ஒவ்வொரு மாடியையும் தனித்தனி அடுக்காக வரைவர். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாற்போல அவ்வடுக்குகள் அமையும். தகடுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதைக் கணினி தானே அறியாது. வரைவோரே உரைத்தல் வேண்டும். அதன்பொருட்டு அடுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் தரப்பெறும். ஒன்று, அடுக்கு நிற்கும் மட்டம். மற்றொன்று, அவ்வடுக்கிலுள்ள சுவரின் உயரம். இவ்விரண்டும் வேறு வேறு என்பதை உணராமையே பிழைக்கு வித்தாகும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஒரு கட்டடத்தில் சுவரின் உயரம் 3,050 மில்லிமீட்டர். அதன்மேல் அமையும் கான்கிரீட்டுத் தளத்தின் கனம் 150 மில்லிமீட்டர். ஆகவே ஒரு தரைக்கும் அதன் மேல்தரைக்கும் இடைப்பட்ட உயரம் 3,200 மில்லிமீட்டர். தரைத்தளத்தின் மட்டத்தைச் சுழியம் எனக் கொண்டால், முதல் மாடி 3,200-லும், இரண்டாம் மாடி 6,400-லும், மூன்றாம் மாடி 9,600-லும் நிற்கும்.

வரைவோன் ஒருவன் தளத்தின் கனத்தை மறந்து, மாடிதோறும் 3,050 மட்டுமே கூட்டினான் என்று கொள்வோம். மூன்றாம் மாடி 9,150-இல் நிற்கும்; பிழை 450 மில்லிமீட்டர். பத்தாம் மாடியிலோ அது 1,500 ஆகிவிடும். ஆயினும் திரையில் கட்டடம் குறையின்றியே தோன்றும். தளம் சுவரினுள் புதைந்து கிடப்பதைக் கண் எளிதிற் காணாது.

அக்குறையைக் காட்டிக்கொடுப்பது மாடிப்படி. 3,200 மில்லிமீட்டரை 20 படிகளாகப் பகுத்தால் படியொன்றின் உயரம் 160. பிழையான வரைபடத்திலோ அது 152.5 ஆகும். அவ்வளவை நம்பிக் கொத்தனார் படிகளைக் கட்டினால், இறுதிப்படி மட்டும் 302.5 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். ஏறுவோர் கால், முன்படிகளின் அளவை அறிந்து, அதே அளவில் அடுத்த படியை நாடும். படி ஒவ்வாதபோது இடறும். நீர்க்குடம் சுமந்து ஏறும் தாயும், இருளில் இறங்கும் முதியவரும் அந்தச் சிறு பிழைக்குப் பெருவிலை கொடுக்க நேரும்.

ஆதலின் அறிவுடையோர் வரையத் தொடங்குமுன் மாடிகளின் மட்டங்களை வரிசையாக எழுதிக் கூட்டிப் பார்ப்பர். பின்னர்க் கட்டடத்தை நெடுக வெட்டியதுபோன்ற படம் ஒன்றெடுத்து, சுவரும் தளமும் படியும் பொருந்துகின்றனவா என ஆராய்வர்.

கொத்தனார்க்குத் தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் எத்தகையனவோ, வரைவோர்க்குக் கணினியும் அத்தகையது. கருவி கணக்கினை விரைவாகச் செய்யும். எதனைக் கணக்கிட வேண்டும் என்பதை உணர்ந்து கூறுதல் மனிதன் கடமை. அக்கடமையில் தவறாதவனை நம்பியே பலர் அச்சமின்றிப் படியேறுகின்றனர்.