‘எதற்கு இந்தப் போர்?’ என்று கேட்டால் தேசத்துரோகமா?

கேள்வி: ஐயா, பழவேற்காட்டில் இறாலும் நண்டும் ஏலத்தில் எடுத்து மீஞ்சூர், பொன்னேரி பக்கம் விற்பவன் நான். என் அக்கா மகன் பட்டாளத்தில் இருக்கிறான். எல்லையில் சண்டை என்று டிவியில் ஓடிய நாட்களில் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டேன்: ‘இந்தச் சண்டை எதுக்கு? எங்க போய் முடியும்? கவர்மென்ட் சொல்ற காரணம் சரிதானா?’ உடனே பக்கத்தில் இருந்தவர்கள், ‘உங்க வீட்டுப் பிள்ளையே பட்டாளத்துல இருக்கான், நீ இப்படிப் பேசலாமா? தேசத்துரோகின்னு உள்ள தூக்கிப் போட்ருவாங்க’ என்றார்கள். நான் கேட்டது தப்பா? ராணுவ ரகசியம் எதுவும் தெரியாத எங்களைப் போன்றவர்கள், அரசு சொல்லும் காரணத்தை எப்படி எடை போடுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அனுப்பம்பட்டு

பதில்: தப்பில்லை. பயம் தெளிய, முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு உங்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது 19(2). அந்தக் கட்டுப்பாடு எதுவரை செல்லும் என்பதை 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அரசை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும், வன்முறையைத் தூண்டாதவரை, பொது ஒழுங்கைக் குலைக்கும் நோக்கம் இல்லாதவரை, அது தேசத்துரோகக் குற்றம் ஆகாது என்றது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 152ஆம் பிரிவு கடுமையானதுதான், அது தவறாகப் பயன்படலாம் என்ற அச்சமும் சட்ட வட்டாரத்தில் உண்டு. ஆனால் அரசின் நடவடிக்கையைச் சட்டத்துக்குட்பட்ட வழியில் மாற்றும் நோக்கத்தோடு கண்டிப்பது குற்றமல்ல என்ற விளக்கம் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. நீங்கள் டீக்கடையில் கேட்டது அந்த வகைதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. காரணத்தை எடைபோட ரகசியம் தெரிய வேண்டியதில்லை. அரசு முதல் நாளில் என்ன சொன்னது, ஆறு மாதம் கழித்து என்ன சொல்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். சொன்ன காரணம் நடுவழியில் மாறினால், அங்கேதான் கேள்வி எழுப்ப வேண்டும்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதீர்கள் என்று உங்கள் பக்கத்து மீனவர்களுக்குச் சொல்கிறார்கள். அன்றைய வருமானம் போகிறதே என்ற வருத்தம் எல்லோருக்கும் உண்டு. ஆனாலும் அந்த உத்தரவில் எதற்காக, கடலில் எந்தப் பகுதி வரை, எப்போது முடியும் என்ற மூன்றும் இருக்கும். சொன்ன காரணம் உண்மைதானா என்று, ராக்கெட் மேலே போவதைக் கரையில் நின்றே பார்த்துவிடலாம். படையை அனுப்பும் அரசிடமும் இந்த மூன்றைக் கேட்கலாம்: எதற்காக, எதுவரை, எப்போது முடியும்?

தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு படை அனுப்பலை இப்படிச் சோதித்துப் பார்ப்போம். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குள் போய் இறங்கத் தொடங்கியது. சண்டையை நிறுத்துவது, தமிழ்ப் போராளிக் குழுக்களை ஆயுதங்களை ஒப்படைக்க வைப்பது, தமிழ் மக்களுக்குப் பாதுகாப்பு தருவது, இவைதான் முதல் நாள் சொன்ன காரணங்கள். யாழ்ப்பாணத்தில் மக்கள் அந்தப் படையை மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே படை விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கி, யாழ்ப்பாணத்தைப் பிடிக்க ‘ஆபரேஷன் பவன்’ நடத்தியது. அந்த மாதம் 21ஆம் தேதி யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அமைதி காக்கப் போன படை மூன்றே மாதத்தில் போரிடும் தரப்பாக மாறிவிட்டது.

அடுத்த மாற்றம் 1989இல் வந்தது. இலங்கை அரசின் அழைப்பின் பேரில்தான் போனோம் என்பது டெல்லியின் வாதம். ஜூன் மாதம் புதிய அதிபர் பிரேமதாசா, ஜூலைக்குள் வெளியேறுங்கள் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். அழைத்த வீட்டுக்காரரே கிளம்பச் சொன்ன பிறகும், தமிழர் பாதுகாப்பும் அதிகாரப் பகிர்வும் உறுதியாகவில்லை என்று படை அங்கேயே இருந்தது. கடைசி அணி திருகோணமலையிலிருந்து கிளம்பியது 1990 மார்ச் 24 அன்றுதான். அதற்குள் 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். இலங்கைத் தமிழர் தரப்பு இழப்பு தனி. திரும்பி வந்த படையைச் சென்னையில் வரவேற்கும் நிகழ்ச்சிக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அதற்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். உங்கள் டீக்கடையில் கிடைத்த பேச்சு ஒரு முதல்வருக்கும் கிடைத்திருக்கிறது.

போருக்குச் சொன்ன காரணம் மாறுவது இந்தியாவின் நோய் மட்டுமல்ல. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக ஐ.நா. பாதுகாப்பு அவையில் ‘ஆதாரங்களை’ வைத்தார். போர் நடந்தது, அந்த ஆயுதங்கள் கிடைக்கவில்லை. பிறகு ஜனநாயகத்தைக் கொண்டு வரவே போனோம் என்ற பேச்சு மேலெழுந்தது. 2016இல் வெளியான பிரிட்டனின் சில்காட் அறிக்கை, அமைதி வழிகள் எல்லாம் தீர்வதற்கு முன்பே பிரிட்டன் போருக்குப் போனது என்று கண்டது. அதே 2003 ஏப்ரலில் இந்திய நாடாளுமன்றம் இராக் போரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. படை அனுப்புங்கள் என்ற அமெரிக்காவின் கோரிக்கையை ஜூலையில் வாஜ்பாய் அரசு ஏற்க மறுத்தது. போருக்குச் சொல்லப்படும் காரணத்தைச் சந்தேகிப்பது தேசவிரோதம் என்றால், அன்றைய நாடாளுமன்றத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்.

இப்படிச் சோதித்தால் எல்லாப் போரும் தோற்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். 1971இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தது உலகமே கண்ட உண்மை. டிசம்பர் 3 அன்று இந்திய விமானத் தளங்களைத் தாக்கியது பாகிஸ்தான். டிசம்பர் 16 அன்று டாக்காவில் போர் முடிந்தது, அடுத்த மார்ச்சுக்குள் இந்தியப் படை வங்கதேசத்தை விட்டு வெளியேறியது. காரணம், எல்லை, முடிவு மூன்றுக்கும் அங்கே பதில் இருந்தது. கேள்வி கேட்பவர் போருக்கு எப்போதும் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. ‘சரி’ என்று சொல்வதானாலும் காரணம் தெரிந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பொதுமக்கள் கேட்பது இன்னொரு வகையிலும் அவசியம். நெருக்கடி நிலையை அறிவித்தால் ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 352ஆம் பிரிவு. போர் தொடங்க நாடாளுமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. முடிவை அமைச்சரவைதான் எடுக்கிறது. எனவே பிற்பாடு கணக்குக் கேட்பதும் முக்கியமாகிறது. கார்கில் போருக்குப் பிறகு கே. சுப்ரமணியம் தலைமையில் குழு அமைத்தார்கள், சில பகுதிகளை நீக்கிவிட்டு அறிக்கையை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். 1962 சீனப் போர்த் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையையோ எந்த அரசும் அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக எல்லாக் கட்சி அரசுகளும் அதைப் பூட்டியே வைத்திருக்கின்றன.

உங்கள் அக்கா மகனைப் பற்றி. படைவீரரை மதிப்பதும் அவரை அனுப்பிய உத்தரவைக் கேள்வி கேட்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இலங்கையில் 1987 நவம்பர் 25 அன்று உயிரிழந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. சென்னையில் ராணுவக் குடியிருப்பு ஒன்றுக்கு அவர் பெயர் இருக்கிறது. அவருடைய வீரத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தப் படையை அனுப்பியது சரியா என்ற விவாதமோ இன்றும் ஓயவில்லை. உத்தரவு வந்தால் ‘ஏன்’ என்று கேட்கும் இடத்தில் வீரர் இல்லை. அவருக்காக அதைக் கேட்க வேண்டியவர்கள் ஓட்டுப் போடும் நாம்தான். வீட்டுப் பிள்ளை பட்டாளத்தில் இருப்பவருக்கு அந்த உரிமை ஒரு பிடி கூடுதல் என்றே சொல்வேன்.

மூன்று விஷயங்களில் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். அக்கா மகன் எந்த முகாமில் இருக்கிறார், எப்போது எங்கே நகர்கிறார் என்பதை டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லாதீர்கள். காட்டுப்பள்ளி, எண்ணூர் பக்கம் கடற்படைக் கப்பலையோ கடலோரக் காவல்படைக் கப்பலையோ பார்த்தால் படமெடுத்துப் பரப்பாதீர்கள். அது விமர்சனத்தில் சேராது, ஆபத்து. போர் நாட்களில் சுற்றிவரும் வீடியோக்களையும் அப்படியே நம்பி அனுப்பாதீர்கள். பழைய காட்சிகளும் வீடியோ கேம் காட்சிகளும்கூடப் போர்க்களக் காட்சி என்று ஓடியதுண்டு.

கேள்வியை டீக்கடையோடு விட்டுவிடவும் வேண்டாம். பொன்னேரி தொகுதி திருவள்ளூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. உங்கள் எம்.பி.க்குத் தமிழிலேயே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எதற்காக, எதுவரை, எப்போது முடியும் என்ற மூன்றையும் நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். கடிதத்தின் நகலைத் தேதியோடு எடுத்து வையுங்கள். முதல் நாள் அரசு சொன்ன காரணம் வந்த செய்தித்தாளையும் அதோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் காரணம் மாறினால், டீக்கடையில் உங்களிடம் ஆதாரம் இருக்கும்.