அரிப்புக்குக் காரணம் மெத்தையா, தோலா?

இரவில் உடல் அரித்து உறக்கம் கெட்டால், நம் வட்டாரத்தில் முதலில் பழி சுமப்பது மெத்தைதான். வெயிலில் போடுகிறார்கள், பூச்சிமருந்து தெளிக்கிறார்கள், சிலர் எரித்தும் விடுகிறார்கள். அரிப்பு மட்டும் தீர்வதில்லை. இரண்டு வேறு சிற்றுயிர்களை ஒன்றெனக் கருதுவதே இதற்குக் காரணம்.

மெத்தையிலும் தலையணையிலும் வாழ்பவை தூசி உண்ணிகள். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களே அவற்றின் உணவு. அவை கடிப்பதில்லை; தோலைத் துளைப்பதுமில்லை. ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலையும் மூச்சிரைப்பையும் தூண்டும். சிலருக்குக் கரப்பானை மிகுவிக்கும். சொறி சிரங்கை உண்டாக்கும் உண்ணி வேறு. அரை மில்லிமீட்டருக்கும் சிறியதான பெண் உண்ணி, தோலின் மேலடுக்கில் வளை தோண்டி முட்டையிடுகிறது. ஒருவர் உடலில் பொதுவாகப் பத்துப் பதினைந்து உண்ணிகளே இருக்கும். அவற்றுக்கும் அவற்றின் கழிவுக்கும் உடல் காட்டும் எதிர்வினையே அத்தனை அரிப்பு. (பிடித்த பூச்சி என்று தீப்பெட்டியில் கொண்டுவரப்படுவது பெரும்பாலும் நூல் துணுக்காகவே இருக்கும், இந்த உண்ணியை வெறுங்கண்ணால் காண்பது அரிது.)

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், கென்னத் மெல்லன்பி என்னும் அறிவியலாளர் இது பரவும் விதத்தைச் சோதித்தார். சிரங்குற்ற போர்வீரர்கள் போர்த்திய, துவைக்காத கம்பளிகளைத் தன்னார்வலர்கள் பயன்படுத்தினர். மிகச் சிலருக்கே தொற்றியது. நெடுநேர உடல் தொடுகையே முதன்மையான வழி என்பது தெளிவாயிற்று. பலர் நெருங்கிப் படுக்கும் லைன் வீடுகளும் தொழிலாளர் விடுதிகளும் மிகுந்த பின்னலாடைப் பகுதியில் இதை நினைவிற்கொள்ள வேண்டும். காரணம் நெருக்கம், அழுக்கு அன்று. நாளும் இருமுறை குளிப்பவருக்கும் இது வரும். ஆகவே வெட்கப்பட்டு மறைக்க ஏதுமில்லை.

முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தோன்ற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதற்குள் அவரிடமிருந்து பிறருக்குப் பரவிவிடும்.

சாயப்பட்டறையிலோ சலவைப்பட்டறையிலோ வேலை செய்பவர், வேதிப்பொருளால் வந்த அரிப்பு என்று எண்ணக்கூடும். அது பெரும்பாலும் பொருள் பட்ட இடத்தில் தோன்றும். விடுமுறை நாள்களில் தணியும். சிரங்கோ இரவில் மிகும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், இடுப்பு, மறைவிடம் ஆகிய இடங்களை நாடும். வீட்டில் மற்றொருவருக்கும் அரித்தால் ஐயம் வலுக்கிறது. கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை ஆகியவற்றிலும் வரும்.

மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பைச் சில நாள் அடக்கும், உண்ணியைக் கொல்லாது. நோயின் அடையாளத்தையும் மாற்றிவிடும். 2018-ஆம் ஆண்டு முதல் இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்பது விதி.

உரிய மருந்து பெரும்பாலும் 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு. கழுத்து முதல் பாதம் வரை, நக அடிகளும் விரலிடுக்குகளும் விடுபடாமல் பூசி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். இடையில் கை கழுவினால் கையில் மீண்டும் பூசுக. ஒரு வாரம் கழித்து மறுமுறை பூச வேண்டும். கைக்குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் மருத்துவர் சொற்படியே பயன்படுத்துக. இவை அனைத்திலும் முதன்மையானது ஒன்று: அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும். அரிப்பவர் மட்டும் பூசினால் மற்றவரிடமிருந்து திரும்பப் பெறக்கூடும். விடுதியாயின் அறைத்தோழர் அனைவரும் சேர வேண்டும். விடுதிப் பொறுப்பாளர் ஒத்துழையாவிட்டால் மருந்து வீண்.

மெத்தையை எரிக்கத் தேவையில்லை. உடலை விட்டு நீங்கிய உண்ணி பொதுவாக இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் வாழாது. கடந்த மூன்று நாள்களில் உடுத்திய, போர்த்திய துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. துவைக்க இயலாதவற்றைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கிவையுங்கள். படுக்கையில் பூச்சிமருந்து தெளிப்பது உண்ணியைவிடக் குழந்தைக்கே கேடு.

உண்ணிகள் மடிந்த பிறகும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் நீடிக்கலாம். மருந்து பலிக்கவில்லை என்று நாள்தோறும் பூசினால் தோல் புண்ணாகும். அதன்பின்னும் புதிய கொப்புளங்கள் தோன்றினால் மீண்டும் வாருங்கள்.

சொறிந்த புண் சீழ்பிடித்த குழந்தைக்கு, சில வாரங்களுக்குள் முகம் வீங்கினாலோ சிறுநீர் தேநீர் நிறத்தில் குறைவாகப் போனாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். புண்ணிலுள்ள சில கிருமிகளால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதன் அறிகுறியாக அது இருக்கலாம்.