நடேசய்யருக்கு மாலை போடுமுன்

ஹெந்தளை

அன்பு மகள்,

வெள்ளவத்தையில் நீங்கள் நடத்தப்போகும், தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர் நினைவுக் கூட்டத்துக்காக நீ எழுதிய உரையை வாசித்தேன். நல்ல தமிழ். ஆனால் ‘மக்கள் போற்றிய மாமனிதர்’ என்ற வரியை அடித்துவிடு. உயிரோடு இருக்கும்போது அவரைப் போற்றியவர்கள் கொஞ்சப் பேர்தான். எழுத வேண்டிய விஷயமே அதுதான்.

புடவை வியாபாரி வேடத்தில் அவர் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குள் போன கதைக்கு ஒரு முழுப் பந்தி கொடுத்திருக்கிறாய். வெளியாரைத் துரைமார் தோட்டத்துக்குள் விடாத காலம், சுவையான கதைதான். இரண்டு வரி போதும். வேடத்தைக் களைந்த பிறகு அவர் செய்தவை அதைவிடப் பெரியவை. தேசநேசன், தேசபக்தன் என்று பத்திரிகை நடத்தித் தோட்டத்து அவலங்களை அச்சில் ஏற்றினார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவோடு சேர்ந்து தொழிற்சங்க வேலை செய்தார்; குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது பிரிந்து வந்தார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார். மலைநாட்டில் அவர்களுக்கு அதற்கு முன் சங்கம் என்று ஒன்று இருக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் ‘மூலையில் குந்திய முதியோன்’ என்று துப்பறியும் நாவல் வேறு எழுதினார்!

இவரை யாருக்குத்தான் பிடித்தது? துரைமாருக்குக் கலகக்காரர். பெரிய கங்காணிமாருக்கு வருமானத்தில் கை வைப்பவர். கொழும்பில் வசதியாக இருந்த இந்திய வணிகர்களுக்குச் சங்கடமான ஆள். 1936இல் அட்டன் தொகுதி அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது உண்மை. ஆனால் 1939இல் நேரு இலங்கைக்கு வந்தார், இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது, கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. 1947 பொதுத் தேர்தலில் நடேசய்யர் தோற்றார். அதே ஆண்டு காலமானார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அவர் யாருக்காகப் பேசினாரோ அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

அவரிடமும் குறை உண்டு, மகள். யாரோடும் நெடுநாள் ஒத்துப்போகும் குணம் அவருக்கு இல்லை. அவருடைய பேனா நண்பரையும் விட்டுவைக்காது. இதையும் மேடையில் சொல். குறையே இல்லாத மனிதராக்கிப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டால், அன்றைக்கு அவரை எதிர்த்தவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று ஒருவருக்கும் விளங்காது.

உயிரோடு இருக்கும்போது கைவிட்டுவிட்டுச் செத்த பிறகு மாலை போடுவது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. கரீபியன் தீவான ஜமைக்காவில் மார்கஸ் கார்வி என்ற கறுப்பின மக்கள் தலைவர் இருந்தார். 1930இல் சொந்த மண்ணில் தேர்தலில் நின்று தோற்றார். பிறகு லண்டனுக்குப் போனார். 1940இல், தாம் இறந்துவிட்டதாகப் பத்திரிகையில் வந்த தவறான செய்தியைத் தாமே வாசித்தார்; சில வாரங்களில் உண்மையாகவே இறந்தார். 1964இல் அவர் உடலைக் கிங்ஸ்டனுக்குக் கொண்டுவந்து தேசிய வீரர் என்று அடக்கம் செய்தார்கள். செத்தவர் திருப்பிக் கேள்வி கேட்க மாட்டார் என்பது எல்லா நாட்டு அரசுகளுக்கும் வசதி.

கூட்டத்துக்கு நீ அடித்த நோட்டீஸில் மீனாட்சி அம்மாளின் பெயர் இல்லை. நடேசய்யரின் மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை. பத்திரிகையில் எழுதியவர், தோட்டத்துக் கூட்டங்களில் தானே இயற்றிய பாட்டுகளைப் பாடி, எழுத்தறியாத சனத்துக்கு அரசியலை எடுத்துச் சொன்னவர். அய்யரையாவது 1988இல் எழுத்தாளர் சாரல்நாடன் புத்தகம் எழுதி மீட்டெடுத்தார். இந்த அம்மாவுக்கு நாங்கள் இன்னும் கடன்பட்டிருக்கிறோம். நோட்டீஸை மறுபடி அச்சடிக்கச் செலவானாலும் பரவாயில்லை, பெயரைச் சேர்.

இன்னொன்று. மேடைக்கு இரண்டு அமைச்சர்களை அழைக்க யோசிப்பதாக எழுதியிருந்தாய். ஒருவர் போதும், அவரும் சுருக்கமாகப் பேசட்டும். மற்ற நாற்காலியை இன்றைக்கும் சம்பளத்துக்காகத் துரையோடு வாதாடி, சொந்தச் சங்கத்திடமும் திட்டு வாங்கும் ஒரு மாதர் சங்கத் தலைவிக்குக் கொடு. அட்டன் பக்கம் விசாரித்தால் அப்படி ஒருவர் கிடைக்காமல் போகமாட்டார். அவரை முதலில் பேச விடு. பஸ் காசு நான் தருகிறேன். இரவு ஹெந்தளையில் எங்கள் வீட்டில் தங்கட்டும், மாமியிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
மாமா