கடலை மிட்டாயும் கைபேசிச் சந்தையும்

2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயை இணையத்தில் விற்பது எப்படி? நல்லா போட்டோ எடுத்துப் போட்டால் போதும்னு பலர் நினைக்கிறாங்க. கணக்குதான் முதல் பாடம் என்பேன் நான்.

பல கூரியர்களில் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அந்த விடை, நிஜ எடை, இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 1 கிலோ மிட்டாயை 30×20×20 பெட்டியில் அனுப்பினால் 2.4 கிலோவுக்குக் காசு! 20×20×10 பெட்டி என்றால் விடை 0.8 தான், நிஜ எடைக்குக் கொடுத்தால் போதும்.

வாட்ஸ்அப் கேட்டலாக்கில் விலையோடு அனுப்பும் செலவையும் போடணும். லேபிளில் 14 இலக்க உணவு உரிம எண் அவசியம்.

பாகு காய்ச்சுகிற குடும்பத்தின் லாபம் காலிப் பெட்டியின் காற்றுக்குப் போகலாமா? டிப்ளமோ படிக்கும் நாம், ஊரில் ஒருவருக்காவது இந்தக் கணக்கைச் சொல்லித் தருவோம்!