பழைய வார்ஹேமர் பொம்மை: பொழுதுபோக்கா, முதலீடா?

கீழவைப்பாரிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. "அண்ணே, பழைய வார்ஹேமர் பொம்மைங்க விலை ஏறிக்கிட்டே போகுது. மாசம் 2,000 ரூபா கட்டுற எஸ்.ஐ.பி.யை நிறுத்திட்டு அதுல போடலாமா? நானே பெயிண்ட் அடிச்சு வித்துருவேன்."

நேரடியா சொல்றேன். ஆசைக்கு வாங்குங்க, தப்பில்ல. ஆனா எஸ்.ஐ.பி.யை நிறுத்தாதீங்க. ஏன்னு பார்க்கலாம்.

இது என்ன பொருள்?

சின்னச் சின்ன படைவீரர் பொம்மைகளை மேஜை மேல் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுதான் வார்கேம். இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 1987-ல் 'வார்ஹேமர் 40,000' என்ற விண்வெளிப் போர் விளையாட்டை வெளியிட்டது. அந்தக் காலத்தில் 30 பிளாஸ்டிக் வீரர்கள் கொண்ட பெட்டி 9.99 பவுண்டு. ஒட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் வாங்கியவர் வேலை. பிரிக்காத அந்தப் பெட்டி இன்று பல மடங்கு விலைக்குப் போகிறது. தம்பி கண்ணில் பட்டது இந்த விலைதான்.

விலை ஏறினால் லாபமா?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பொம்மை 1,000 ரூபாய், வெளிநாட்டுத் தபால் செலவு 600, இரண்டுக்கும் சேர்த்து 40 சதவீதம் வரி என்றால் 640. அடக்க விலை 2,240 ஆகிவிட்டது. சந்தை விலை 50 சதவீதம் ஏறி 1,500-க்கு விற்கிறீர்கள். விற்பனைத் தளத்தின் கமிஷன் 10 சதவீதம் போக கையில் 1,350. விலை ஏறியும் 890 ரூபாய் நஷ்டம்!

வரி விஷயத்தில் அசட்டை வேண்டாம். பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. உங்கள் பார்சலுக்கு எந்த வகையில் வரி வரும் என்று கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்க.

மொத்தமா வாங்கலாமா?

"50 பொம்மை ஒரே லாட்" என்று மங்கலான போட்டோவோடு விற்பார்கள். இது நம்ம கடற்கரைக்குப் புதுசில்ல. தூத்துக்குடியில் 1961-ல் கடைசி முத்துக்குளிப்பு நடந்த காலம் வரை, சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் வாங்கியவர் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் நாறின சிப்பிதான் மிச்சம். போனால் போகட்டும் என்று விடக்கூடிய பணத்தில் மட்டும் லாட் வாங்குங்க.

பெயிண்ட் அடிச்சா மதிப்பு கூடுமா?

பொருளைப் பொறுத்தது. வார்கேம் பொம்மை பெயிண்ட் அடிக்கவே செய்தது. நல்ல கைவேலைக்குத் தனி விலை உண்டு. சுமாராக அடித்திருந்தால், வாங்குபவர் பழைய பெயிண்டை உரிக்கும் வேலையையும் கணக்குப் பார்த்து விலையைக் குறைப்பார். உரிக்கும்போது கவனம்: அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பன்ஸ்கூல் தயாரித்த பழைய ஜி.ஐ. ஜோ பொம்மைகளுக்கு இது அப்படியே தலைகீழ். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடும் பொருள் அது. ஒரிஜினல் நிறமும் பிரிக்காத அட்டையும்தான் அதன் மதிப்பு. வீட்டுப் பரணில் கிடைத்தால் தூரிகையைத் தொடாதீங்க!

கடல் காற்றும் காரீயமும்

பழைய உலோகப் பொம்மைகள் பலவற்றில் வெள்ளீயத்தோடு காரீயமும் உண்டு. ஈரமும், மரம், அட்டையிலிருந்து வரும் அமில ஆவியும் சேர்ந்தால் வெண்சாம்பல் நிறத்தில் தூள் பூத்து உலோகம் அரித்துப்போகும். கடலோர வீட்டில் மர அலமாரி வேண்டாம். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்க. காரீயம் விஷம். தூரிகை நுனியை வாயில் வைக்காதீங்க, வேலை முடிந்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்க, குழந்தைகள் கையில் கொடுக்காதீங்க.

அவசரத்துக்கு உதவுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். வீட்டில் வருமானம் குறையும் அந்த நேரத்தில் மியூச்சுவல் பண்ட் யூனிட்டை விற்றால், அன்றைய மதிப்பில் சில வேலை நாட்களில் பணம் வங்கிக்கு வந்துவிடும். பொம்மைக்கோ, அதை விரும்பும் ஆள் கிடைக்க வேண்டும். அவசரம் தெரிந்தால் அவரும் பாதி விலைக்குத்தான் கேட்பார்.

அதனால் வரிசை இதுதான்:

1. முதலில் அவசர நிதி. தடைக்காலத்தைத் தாண்டும் அளவுக்காவது இருக்கட்டும்.
2. அடுத்து எஸ்.ஐ.பி.
3. மிச்சத்தில் பொம்மைக்கு என்று மாதம் ஒரு தொகை. அது தீர்ந்தால் அந்த மாதம் வாங்குவது நிறுத்தம்.
4. ஒரு நோட்டில் அடக்க விலை, பெயிண்ட் செலவு, உழைத்த மணி நேரம், விற்றுக் கையில் வந்த பணம் நான்கையும் எழுதுங்க.

பத்து பொம்மை விற்ற பிறகு அந்த நோட்டைக் கூட்டிப் பாருங்க. லாபம் நின்றால் தாராளமாகத் தொழிலாக யோசிக்கலாம். இல்லையென்றால், அது உங்களுக்குச் சந்தோஷம் தரும் செலவு. செலவு என்றே எழுதிவிட்டு நிம்மதியா பெயிண்ட் அடிங்க!