பாட்டனார் பேழையில் உரோமக் காசு: அறிதலும் பேணலும்

தமிழர் இல்லங்கள் சிலவற்றில், காப்பும் சங்கிலியும் வைத்த பேழையின் அடியில், எவருக்கும் படிக்க இயலாத எழுத்துக்களுடன் பழங்காசு ஒன்றிரண்டு கிடப்பதுண்டு. ஒரு பக்கத்தில் இலைமாலை சூடிய ஆணின் தலை. மறுபக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண் உருவம். "அந்தக் காலத்து வெள்ளைக்காரன் காசு" என்று கூறி மூடி வைத்துவிடுவர். அஃது இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த உரோமக் காசாகவும் இருக்கலாம். அத்தகைய காசை இனங்காண்பது எவ்வாறு, கெடாமற் பேணுவது எவ்வாறு என்பனவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

நம் மண்ணுக்கு வந்த வழி

உரோமப் பேரரசின் வணிகர் பருவக்காற்றின் துணைகொண்டு நம் கடற்கரைத் துறைகளுக்கு வந்தனர். யவனர் முசிறிக்குப் பொன் கொண்டுவந்து மிளகு பெற்றுச் சென்ற செய்தியை அகநானூறு கூறுகின்றது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்தர்ஸ் இந்தியாவுக்குச் செல்வதாக உரோம அறிஞர் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் வருந்தி எழுதினார். 4 செஸ்தர்ஸ் ஒரு வெள்ளித் தெனாரியம். 25 தெனாரியம் ஒரு பொற்காசு. எனவே பிளினி கூறிய தொகை 5 இலட்சம் பொற்காசுகளுக்குச் சமமாகும்.

1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் கொண்ட புதையல் ஒன்று கிடைத்தது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும் காசுகள் கிடைத்துள்ளன. இலங்கையில் மிகுதியாகக் கிடைப்பவை கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சிறிய செப்புக் காசுகள். அவற்றைப் பார்த்து இலங்கையிலேயே அக்காலத்தில் செய்யப்பட்ட காசுகளும் உண்டு. அவையும் வரலாற்றுச் சான்றுகளே. போலி என்று எறிந்துவிடலாகாது.

இனங்காணும் முறை

முதலில் எடையையும் விட்டத்தையும் அளந்து குறித்துக்கொள்க. அகஸ்தஸ், திபேரியஸ் காலத்து வெள்ளித் தெனாரியம் 4 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையும், 2 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த விட்டமும் உடையது. அக்காலப் பொற்காசு ஏறத்தாழ 7.8 கிராம். கி.பி. 64 அளவில் நீரோ மன்னன் இவ்விரண்டின் எடையையும் குறைத்தான்.

அடுத்து, தலையிலுள்ள அணியைப் பார்க்க. இலைமாலை முதல் மூன்று நூற்றாண்டுகளின் காசுகளிற் பெருவழக்கு. கதிர்கள் போன்ற முனைகளையுடைய முடி வெள்ளிக் காசில் இருப்பின், அது பெரும்பாலும் கி.பி. 215இல் வெளியிடப்பட்ட புதுவகையையோ அதன் வழிவந்தவற்றையோ சேரும். முத்துப் பதித்த பட்டிகை காணப்படின் அது கொன்ஸ்தந்தைன் காலத்தையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்தது.

மூன்றாவதாக எழுத்து. சொற்கள் இடைவெளியின்றிச் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 'யூ' எழுத்து வரவேண்டிய இடத்தில் 'வி' எழுத்து நிற்கும். 'ஏ, வி, ஜி' என்னும் மூன்றெழுத்து 'அகஸ்தஸ்' என்பதன் சுருக்கம். ஆயினும் அது முதற் பேரரசனின் காசு என்று உடனே முடிவு செய்தல் கூடாது. பின்வந்த பேரரசர் அனைவரும் அதனைப் பட்டப் பெயராகக் கொண்டனர். 'டி, ஆர், பி' என்பதை அடுத்து உரோம எண் இருப்பின், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட பதவியைக் குறிக்கும். காசு அடித்த ஆண்டை அறிய உதவும்.

தென்னாட்டில் மிகுதியாகக் கிடைத்த வெள்ளிக் காசுகள் இரு வகையின. ஒன்றன் பின்புறத்தில் அகஸ்தஸின் பேரர் இருவர் நிற்க, அவர்களிடையே கேடயங்களும் ஈட்டிகளும் காணப்படும். மற்றையது திபேரியஸின் காசு. அதன் பின்புறத்தில் செங்கோல் போன்ற கோலும் மரக்கிளையும் ஏந்திய பெண் அமர்ந்திருப்பாள். உங்கள் காசை முதலில் இவ்விரண்டுடன் ஒப்பிடுக. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் இணையப் பட்டியலிலும் பேரரசர் பெயர்கொண்டு தேடலாம்.

உரோமக் காசுகள் பெரும்பாலும் அச்சுக்களிடையே உலோக வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடிக்கப்பட்டவை. ஆதலால் ஒரே அச்சிற் பிறந்த இரு காசுகளும் விளிம்பில் வேறுபடும். விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு தெரிந்தாலோ, இரு காசுகள் சிறு கீறல்வரை ஒன்றுபோல் இருந்தாலோ ஐயுறல் வேண்டும்.

முகத்தின் குறுக்கே உளி வெட்டு இருந்தால் அது குறையன்று. புதுக்கோட்டைக் காசுகளிற் பெரும்பாலானவை அவ்வாறு வெட்டப்பட்டவை. நாணயமாகப் புழங்காமல் பொன்னாக மட்டும் கொள்ளப்படவே வெட்டினர் என்பது அறிஞர் கருத்துக்களுள் ஒன்று. மாலையிற் கோக்க இட்ட துளையும் வளையமும் அவ்வாறே வரலாறு ஆகும். அவற்றை அடைக்கவோ கழற்றவோ வேண்டாம்.

பேணும் முறை

விளக்கும் குடமும் துலக்கும் பழக்கத்தில் புளி, தேசிக்காய், சாம்பல், திருநீறு ஆகியவற்றால் காசைத் தேய்த்தல் பெருந்தவறு. புளிப்பு உலோகத்தை அரிக்கும். பொடி எழுத்தைத் தேய்க்கும். கடையில் விற்கும் மெருகுப் பசையும் ஆகாது. செப்புக் காசின் மேல் உறுதியாகப் படிந்த கரும்பச்சைப் படலம் அதற்குக் கவசம். அதனை நீக்கினால் உருவமே போய்விடும்.

ஆனால், வெளிர்பச்சைத் தூள் உதிருமாயின் அது நோய். செம்பிலுள்ள குளோரைட்டு உப்பு ஈரத்துடன் சேர்ந்து காசைத் தின்கின்றது. உடனே அக்காசைத் தனியாகப் பிரித்து, ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியுடன் மூடிவைத்து, பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுக.

காசை விளிம்பிற் பிடித்து, மெத்தென்ற துணியின் மேலே வைத்துப் பார்க்க வேண்டும். பழைய வெள்ளி நாளடைவில் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கலாம். கீழே விழுந்தால் உடையவுங்கூடும். மென்மையான பீவீசி உறைகள் காலப்போக்கில் அமிலம் கசிந்து பச்சைப் பசையை உண்டாக்கும். அமிலமற்ற காகித உறையோ பொலியெஸ்ரர் உறையோ நன்று. ஓக் மரப் பெட்டியும் கம்பளித் துணியும் தவிர்க்கத்தக்கவை. மாற்று அறியும் பொருட்டு உரைகல்லில் உரைக்கவும் இடங்கொடாதீர்கள்.

சட்டமும் கடமையும்

நூறாண்டு கடந்த காசுகள் இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின்படி தொல்பொருள்கள். அவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லல் ஆகாது. இலங்கையில் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் ஏற்றுமதிக்கு அனுமதி கோருகின்றது. ஆதலால் ஊருக்குச் செல்லும்போது காசைப் பயணப் பெட்டியில் இட்டுக் கொண்டுபோய்வருதல் நன்றன்று. அது எப்போது, யாரால் கொண்டுவரப்பட்டது என்பதற்கான கடிதமோ பழைய நிழற்படமோ இருப்பின் காசுடனேயே காத்து வைக்கவும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். காசுமாலையைப் பிள்ளைகளுக்குப் பங்கிடுமுன் முழுமையாக இரு பக்கமும் படமெடுங்கள். யாருடைய மாலை, எந்த ஊர், யார் வழியாக வந்தது என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். உருக்கிய பொன்னின் விலை எந்நாளும் கிடைக்கும். உருக்கிய காசின் முகமும் எழுத்தும் மீண்டும் கிடையா. அதன் கதை அறிந்தவர் மறைந்தபின், அக்கதையை எந்த நூதனசாலையாலும் எழுதித்தர இயலாது.

பயிற்சி

1. 'ஏ, வி, ஜி' என்ற எழுத்துக்களை மட்டும் கொண்டு காசின் காலத்தைத் துணிய முடியாதது ஏன்?
2. கரும்பச்சைப் படலத்துக்கும் வெளிர்பச்சைத் தூளுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. 3 பொற்காசுகளுக்கு எத்தனை செஸ்தர்ஸ்? கணக்கிடுக.
4. உங்கள் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றின் வரலாற்றைப் பாட்டனார் பாட்டியாரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.