ஆஸ்பத்திரி உத்தியோகத்தை நாடும் டோல்கேட் மாணவர்க்கு

வடசென்னையில் டோல்கேட்டிலும் காலடிப்பேட்டையிலும் குடியிருந்துகொண்டு, பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.காம். அல்லது பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்து வரும் மாணவ மாணவியரில், மருத்துவத் துறையில் ஏதேனும் ஓர் உத்தியோகம் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்ற ஆசையை உள்ளத்தில் வைத்துக்கொண்டும், நீட் தேர்வு கைகூடாமற் போனதோடு அந்த ஆசைக்கு முழுக்குப் போட்டுவிட்டவர்கள் அநேகர். அவசரப்பட்டு எடுத்த முடிவு அது என்பது என் அபிப்பிராயம். பட்டப்படிப்பை நிறுத்தாமலே, அதற்கு வேண்டிய கிரெடிட்டில் ஒரு பகுதியை உடல்நலம் சம்பந்தமான பாடத்தில் தேர்வெழுதிச் சேர்த்துக்கொண்டு, அந்த ஆசை உண்மையானதுதானா என்பதையும் அதே பிரயத்தனத்தில் சோதித்துப் பார்க்க இன்று வசதியிருக்கிறது.

கல்லூரி வகுப்புக்கு வெளியே தாமாகப் படித்துத் தேர்வெழுதிக் கிரெடிட் பெறும் ஏற்பாடு அமெரிக்காவில் க்ளெப் என்ற பெயரில் நெடுங்காலமாக உண்டு. நம் நாட்டில் அதற்கு அண்மையில் நிற்பது, 2017இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளமும், அதில் சென்னை ஐ.ஐ.டி. முதலிய நிறுவனங்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்புகளும் ஆகும். அங்கே தேர்வை மட்டும் எழுதினால் போதும். இங்கே வாரந்தோறும் கொடுக்கும் பயிற்சி வினாக்களுக்கும் விடையளித்தாக வேண்டும்.

முதற்காரியமாக, எந்த வேலையை நாடுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், லேப் டெக்னீஷியன் ஆகியோர் அதற்கென்று அமைந்த படிப்பை நேரில் பயின்று முடித்தவர்கள்; இணையத்தில் எத்தனை சான்றிதழ் சேர்த்தாலும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. அப்படி உட்காரலாம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணம் கட்டாதிருப்பதே விவேகம். மற்றொரு வகை வேலைகளுக்கோ நீங்கள் இப்போது படிக்கும் பட்டமே ஆதாரமாகும். ஆஸ்பத்திரி நிர்வாகம், மருத்துவக் காப்பீடு, மெடிக்கல் கோடிங் போன்றவை அவ்வகையின. எழும்பூரில் 1952 முதல் இயங்கி வரும் சென்னை சமூகப்பணிக் கல்லூரியில், எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் முதுகலைக்கு விண்ணப்பித்து, நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் துணை நிற்கும் மருத்துவச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாகப் பயிலலாம். 108 ஆம்புலன்ஸில் நோயாளியோடு செல்லும் மருத்துவ உதவியாளர் பணிக்கு வெளியாகும் அறிவிப்புகளில், செவிலியர் படிப்போடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பட்டங்களையும் தகுதியாகக் குறிப்பிடுவது வழக்கம். வீட்டார் கேலி செய்யும் பி.எஸ்ஸி. விலங்கியலுக்கு இப்படியும் ஒரு பிரயோஜனம் உண்டு.

அடுத்தது பாடத்தைத் தேர்ந்தெடுப்பது. ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும் பருவங்களுக்குரிய பட்டியலை ஸ்வயம் தளத்தில் பார்க்கலாம். சேருவதற்குக் கட்டணம் இல்லை. நான்கு வாரப் படிப்புக்கு 1, எட்டு வாரத்துக்கு 2, பன்னிரண்டு வாரத்துக்கு 3 என்று கிரெடிட் கணக்கிடப்படுகிறது. ஆகையால் உங்கள் பாடத்திட்டத்தில் விருப்பப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்பதைப் பார்த்து, அதற்கேற்ற நீளமுள்ள படிப்பையே எடுக்க வேண்டும். வணிகவியல் மாணவருக்கு உயிரியல் புள்ளியியல் இயல்பாகப் பொருந்தும். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உடல்நல ஆராய்ச்சியின் அடிப்படைகளைப் பற்றி நடத்தும் படிப்பு, ஒரு நோய் ஊரில் எப்படிப் பரவுகிறது, அதை எப்படி எண்ணி அளக்கிறார்கள் என்று அறிய விரும்புவோர்க்கு நல்ல பிரவேசம்.

இனிச் சொல்லப்போவது பலர் தடுக்கி விழும் இடமாகையால் சற்று விரித்துச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள், ஒரு பருவத்துப் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க இடமளித்தன. 2021இல் அந்த வரம்பு 40 சதவீதமாயிற்று. ஆனால் விதி இடங்கொடுப்பது வேறு, நம் கல்லூரி குறிப்பிட்ட ஒரு படிப்பை ஏற்றுக்கொள்வது வேறு. தன்னாட்சிக் கல்லூரியில் இதை அக்கல்லூரியின் கல்விக் குழுவே தீர்மானிக்கும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறையைப் பார்க்க வேண்டும். படிப்பைத் தொடங்குவதற்கு முன்னரே துறைத்தலைவரிடம் விண்ணப்பம் கொடுத்து, படிப்பின் பெயர், வாரங்கள், அது எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்னும் மூன்றையும் குறிப்பிட்டு, கையொப்பமிட்ட சம்மதத்தை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். "முதலில் படிச்சு முடி தம்பி, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லும் ஆசிரியர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும், அந்த வாய்வார்த்தையை நம்பிப் பன்னிரண்டு வாரம் உழைப்பது உசிதமன்று. பல கல்லூரிகளில் என்.பி.டி.இ.எல். காரியங்களைக் கவனிப்பதற்கென்றே ஓர் ஆசிரியர் இருப்பார். அவரைத் தேடிப் பிடித்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

படிக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரிகளின் ஓட்டம் இரவெல்லாம் ஓயாத நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருப்பவர்கள், கல்லூரியிலேயே காணொளிகளைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சில படிப்புகளுக்குத் தமிழில் மொழிபெயர்த்த உரைக்குறிப்புகளும் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் தயக்கமுள்ளவர்கள் அதை முதலில் வாசித்துவிட்டுப் பிறகு காணொளியைக் கேட்பது சுலபம். என்.பி.டி.இ.எல். படிப்புகளில் வாராந்தரப் பயிற்சிக்கு 25, இறுதித் தேர்வுக்கு 75 என மொத்தம் 100 மதிப்பெண். முன்னதில் 10, பின்னதில் 30 என இரண்டிலும் தனித்தனியே எடுத்தால்தான் சான்றிதழ். பன்னிரண்டு வாரப் படிப்பில் சிறந்த எட்டுப் பயிற்சிகளையே கணக்கில் கொள்வதால், வீட்டில் ஒரு கல்யாணமோ காய்ச்சலோ வந்து ஓரிரு வாரம் தவறினாலும் மனம் தளர வேண்டாம். தேர்வை மட்டும், கட்டணம் செலுத்திப் பதிவு செய்து, குறித்த மையத்துக்கு நேரில் சென்று மூன்று மணி நேரம் எழுத வேண்டும்.

பாடம் ஒருபுறம் நடக்க, வேலையை நேரில் பார்ப்பது மறுபுறம் நடக்க வேண்டும்; இரண்டாவதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. டோல்கேட்டுக்கு 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்த பிறகு, பழைய ஜெயில் சாலையிலுள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது பெரிய பிரயாணமன்று. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியும், தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. ஆயினும் வார்டுக்குள் வேடிக்கை பார்ப்பவராக நுழைவது நோயாளிக்கு இழைக்கும் அவமரியாதை. கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடம் கடிதம் பெற்று, ஆர்.எம்.ஓ. எனப்படும் உறைவிட மருத்துவ அதிகாரியின் அலுவலகத்தில் அனுமதி கேட்டு, இரத்ததான முகாமிலோ புறநோயாளிகளுக்கு வழிகாட்டும் பணியிலோ தொண்டராகச் சேர முயலுங்கள். அங்கே பழகும் லேப் டெக்னீஷியன் அக்காவிடமோ செவிலியரிடமோ, ஓய்வான நேரத்தில், நைட் டியூட்டி மாதத்துக்கு எத்தனை, முதற்சம்பளம் என்ன, எந்தப் பதிவு இல்லாமல் இந்த வேலையில் சேர முடியாது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தத்தைக் கண்டு தலை சுற்றுகிறதா என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். சுற்றினால், அலுவலகப் பக்கத்து வேலைகள் இருக்கவே இருக்கின்றன.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு துறையையும் இங்கே குறிப்பிட வேண்டும். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை ஒன்று இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. மணலியிலும் எண்ணூரிலும் அத்தகைய ஆலைகளின் வாயிலைத் தினம் கடந்து போகிற நாம், அந்த அறைக்குள்ளே செவிலியர்க்கும் முதலுதவி தெரிந்தவர்க்கும் வேலை உண்டு என்று நினைப்பதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு வெளியேறியதைக் கண்டவர்களுக்கு, தொழிற்சாலை சார்ந்த உடல்நலம் இங்கே எத்துணை அவசியமான படிப்பு என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாடமும் பிடிக்கவில்லை, ஆஸ்பத்திரிச் சூழலும் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், தேர்வுக் கட்டணம் செலுத்துமுன் விலகிவிடலாம், கைப்பொருள் நஷ்டமில்லை. ஆனால் அதை ஈடு பாடமாகக் கல்லூரியில் பதிந்திருந்தால், வேறு பாடத்துக்கு மாறுவதற்குரிய கடைசி நாளைத் துறையில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். தேறியவர்கள், சான்றிதழின் நகலோடு முன்பு வாங்கிய சம்மதக் கடிதத்தையும் இணைத்துத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்து, மதிப்பெண் பட்டியலில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். 2021இல் ஏற்பட்ட கல்விக் கிரெடிட் வங்கியில் கணக்குத் தொடங்கியிருப்பதும் அவசியம். அதில் ஏறிய கிரெடிட் பொதுவாக ஏழு ஆண்டு செல்லுபடியாகும் என்பதால், குடும்ப நிலையால் இடையில் வேலைக்குப் போக நேர்ந்தவர்கள் படிப்புக்குத் திரும்பும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.